செருப்பு கழன்றதே தெரியவில்லை: கால் மரப்பு, நரம்புக் கோளாறு பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 பொருநைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றிக் கேட்க வந்தேன். வயது 67. சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது, மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொள்கிறார். சுத்த சைவம்.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். வாசலில் வந்து நின்றபோது வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று கேட்டால் முழிக்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி அரை கிலோமீட்டர் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறார், ஒற்றைக் கால் வெறுங்காலாக. அது அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா சொல்லித்தான் குனிந்து பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நானும் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் முகம் கழுவும்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இருட்டில் கொல்லைக்குப் போகத் தயங்குகிறார். "பாதத்துக்கு அடியில் பஞ்சு வைத்தது போல இருக்கிறது" என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தாராம், அம்மாவிடம் மட்டும்.

பக்கத்துத் தெரு டாக்டர் வயதானால் இப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா நரம்புத் தளர்ச்சி என்கிறார். மாமா ரத்த ஓட்டம் இல்லை என்கிறார். அப்பாவோ "வலியே இல்லை, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி" என்கிறார். நிஜமாகவே வயதுக் கோளாறுதானா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

#2 பாலாற்றங்கரை

தம்பி, வணக்கம். நான் டாக்டர் இல்லை. வேலூர் மாவட்டத்தில் தொழுநோய்த் திட்டத்தில் களப்பணியாளராகவும் பிறகு இயன்முறைப் பிரிவிலும் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உணர்ச்சி போன கால்களை ஆயிரக்கணக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவது, பஞ்சின் மேல் நடப்பது போல இருப்பது: இந்த மூன்றையும் ஒரே ஆள் சொன்னால் பாதத்து நரம்புகளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஏன் பாதம் முதலில் என்றால், நம் உடம்பில் மிக நீளமான நரம்புகள் கீழ்முதுகிலிருந்து கால் விரல் நுனி வரை போகிறவை. ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த நீளம் முழுவதற்கும் வேண்டிய சரக்கு முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் நரம்பு அணுவிலிருந்து போய்ச் சேர வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும், இல்லையா? அதே கதை. விரல் நுனியில் தொடங்கும், பாதத்துக்கு வரும், கணுக்காலுக்கு ஏறும், காலுறை போட்டது போல இரண்டு காலிலும் ஒரே அளவாக மேலே வரும். முழங்கால் உயரம் ஏறுகிற சமயத்தில் கை விரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும், ஏனென்றால் அந்த நரம்புகளின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

முகம் கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன். கால் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்ற செய்தியை நரம்புதான் மூளைக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி நின்றுபோனால் கண் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். கண்ணை மூடினால் அதுவும் போய்விடும், ஆள் ஆடுவார். உங்கள் அப்பா சுவரைப் பிடிப்பதும் இருட்டுக்குப் பயப்படுவதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

சில கேள்விகள். இரண்டு காலிலும் ஒரே மாதிரியா, ஒரு காலிலா? எத்தனை மாதமாக? இடுப்பிலிருந்து மின்சாரம் பாய்வது போல வலி இறங்குகிறதா? கால் தடுக்குகிறதா? உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறதா? அப்புறம் முக்கியமானது, இன்றைக்கே அவரை உட்கார வைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கையும் பாருங்கள். அந்த அரை கிலோமீட்டரில் காலில் ஏதாவது ஏறியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

#3 கொங்குச்சீமை

என் அனுபவம்: எனக்கும் இரண்டு வருடமாக உள்ளங்கால் எரிச்சல். நரம்பு மாத்திரை தினம் இரண்டு சாப்பிடுகிறேன், நன்றாகக் கேட்கிறது. இரவில் வெந்நீரில் கல் உப்பு போட்டு அரை மணி நேரம் கால் வைத்தால் சுகமாக இருக்கும். ஐயாவுக்கும் செய்து பாருங்கள்.

#4 பாலாற்றங்கரை

கொங்குச்சீமை, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் பொருநைக்கரை தம்பி தயவுசெய்து செய்ய வேண்டாம்.

சூடு தெரியாத காலை வெந்நீரில் வைத்தால் வெந்துபோவதும் தெரியாது. இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. வெந்நீர், ஒத்தடப் பை, சூடு பண்ணிய செங்கல், பைக் சைலன்சர், சித்திரை மாதத்துக் கோயில் பிரகாரம். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிரகாரம் சுற்றிவிட்டு வந்தவர் சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது உள்ளங்கால் தோல் காலுறையோடு வந்தது. அவர் சாமி கும்பிட்ட திருப்தியோடு இருந்தார். வலி இருந்திருந்தால் இரண்டாவது அடியிலேயே நிழலுக்கு ஓடியிருப்பார்.

உங்களுக்கு எரிச்சல் இருக்கிறது என்றால் சில நரம்பிழைகள் இன்னும் பேசுகின்றன, அவ்வளவுதான். எரியும் காலிலேயே சூடு தெரியாத இடமும் இருக்கலாம். குளிக்கும் தண்ணீரையே முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

#5 நூல்கண்டு

கால் பற்றிய இழையில் கையைப் பற்றிக் கேட்கலாமா? திருப்பூரில் பதினெட்டு வருடமாகத் தையல் மெஷினில் இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு வலது கை மரத்து, ஊசி குத்துவது போல விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் அடங்கும். இப்போது ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறுகிறேன். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒரு வருடம் கழுத்துப் பட்டை போட்டிருந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

#6 வெண்ணிலா

நூல்கண்டு அக்கா, நான் நரம்பியல் வார்டில் செவிலியர். உங்களிடம் ஒரே கேள்வி: சுண்டுவிரல் மரக்கிறதா?

#7 நூல்கண்டு

இல்லை அக்கா. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. ஏன் கேட்டீர்கள்?

#8 வெண்ணிலா

அந்தப் "பாதி" என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. மணிக்கட்டில் ஒரு குகை மாதிரி குறுகலான வழி இருக்கிறது. அதன் வழியாக நடு நரம்பு என்று ஒன்று, தசையை எலும்போடு இணைக்கும் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு உள்ளங்கைக்குள் போகிறது. நீங்கள் சொன்ன மூன்றரை விரலும் அதன் பங்கு. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் முழங்கையின் உள்பக்கம் வழியாக வரும் இன்னொரு நரம்பின் பங்கு. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஷாக் அடிக்குமே, அதே நரம்பு. ஒரு விரலின் நடுவில் கோடு போட்டது போல ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது கை நரம்பின் நெருக்கடிதான். கழுத்திலிருந்து வருகிற கோளாறு இப்படிப் பாதி விரல் கணக்குப் பார்ப்பது அபூர்வம்.

இரவில் ஏன் என்றால், தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும், குகை இன்னும் குறுகும். உதறினால் தளரும். தையல், கம்பியூட்டர், ஆட்டுக்கல், பால் கறப்பது, கர்ப்ப காலம், தைராய்டு குறைவு, சர்க்கரை எல்லாமே இதைக் கிளப்பும். தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்படி ஒரு பட்டை கிடைக்கும், இரவில் மட்டும் போட்டுத் தூங்கினாலே பல பேருக்குப் பாதி குறையும். ஆனால் நூல் கோர்க்கத் தடுமாற்றம் என்கிறீர்களே, அதனால் தள்ளிப்போடாதீர்கள். கட்டைவிரல் அடியில் இருக்கும் மேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது பக்கம் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தால், நரம்பில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று அளக்கும் நரம்பு கடத்துத்திறன் சோதனை எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரையோ கை அறுவை டாக்டரையோ பார்க்க வேண்டிய நேரம். அந்தத் தசை முழுக்கக் கரைந்த பிறகு குகையைத் திறந்துவிட்டாலும் பழைய பலம் திரும்புவது கஷ்டம்.

#9 ஏருழவன்

மருத்துவம் தெரியாது, ஆனால் சொல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குழப்பத்தில் பாதி நம் மொழியிலிருந்தே வருகிறது.

சங்கப் பாட்டில் நரம்பு என்றால் யாழின் தந்தி. இலையில் ஓடுவதும் நரம்பு. ஆஸ்பத்திரியில் "நரம்பு ஊசி" என்றால் ரத்தக் குழாயில் போடுகிற ஊசி. காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டால் "நரம்பு சுருட்டிக்கொண்டது". தசைநாண் இழுத்தால் "நரம்பு பிசகிவிட்டது". கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, மனம் சோர்ந்தாலும் நரம்புத் தளர்ச்சி, சுவரில் விளம்பரம் எழுதுகிறவன் ஆண்மைக் குறைவுக்கு வைத்த பெயரும் அதே நரம்புத் தளர்ச்சி.

என் பெரியம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. "நரம்புத் தளர்ச்சி" என்று யாரோ சொன்னதும் அதை வெளியே சொல்லவே கூச்சப்பட்டுவிட்டார். மூன்று வருடம் மறைத்தார். பொருநைக்கரையின் அப்பாவும் அம்மாவிடம் மட்டும் சொன்னார் என்று படித்ததும் அவர் ஞாபகம் வந்தது. டாக்டரிடம் போகும்போது அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். மரக்கிறது, எரிகிறது, எறும்பு ஊர்கிறது, சுருக் சுருக்கென்று குத்துகிறது, பிடி நழுவுகிறது என்று உடம்பு சொல்வதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன, எல்லாமே டாக்டருக்குத் தகவல்.

#10 வெண்ணிலா

ஏருழவன் ஐயா சொன்னதற்கு நன்றி. நான் எழுத வந்தது வேறு ஒன்று, இந்த இழையைப் படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. மேலே பேசியது எல்லாம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக ஏறுகிற கோளாறு. மணிக்கணக்கில் ஏறுகிற ஒன்றும் இருக்கிறது.

எங்கள் வார்டுக்கு ஒரு பையன் வந்தான், 22 வயது. பத்து நாளைக்கு முன்பு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. திங்கள் காலை பாதத்தில் மதமதப்பு. சாயங்காலம் பஸ் படி ஏற முடியவில்லை, நண்பன் தூக்கிவிட்டான். அசதி என்று படுத்துவிட்டான். செவ்வாய் காலை கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. எங்களிடம் வந்தபோது செவ்வாய் மதியம், கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாத நிலை. டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவே இல்லை. நான் அவனை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். 14-இல் நின்றுவிட்டான். மூச்சு தசைக்கும் பலவீனம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்று இரவே செயற்கை சுவாசம் வைக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பெயர் கியான் பாரே நோய். 1916-இல் விவரித்த பிரெஞ்சு டாக்டர்களின் பெயர். கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய நம் எதிர்ப்புச் சக்தி, அடையாளம் தவறி நம் நரம்பையே தாக்குகிறது. 2025 ஜனவரியில் புனேயில் கூட்டமாக வந்ததே, செய்தியில் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் கேம்பைலோபாக்டர் கிருமி அங்கே சில நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது, தண்ணீர் மேல் சந்தேகம் போனது.

சிகிச்சை இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து அல்லது பிளாஸ்மா மாற்று. முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன். அந்தப் பையன் ஆறு மாதம் கழித்துத் தானாக நடந்து வந்து வார்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது இந்த நோய்க்குப் பயன்படாது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலவீனம் நாளுக்கு நாள், மணிக்கு மணி மேலே ஏறினால், விழுங்கக் கஷ்டம், மூச்சு வாங்கல், குரல் மாறுதல் வந்தால் இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வெண்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். திடீரென்று சிறுநீர் கட்டிக்கொண்டு இரண்டு காலும் மரத்தால் அதுவும் அவசரம். அது முதுகுத்தண்டுக் கோளாறாக இருக்கலாம்.

#11 புதுமழை

வெண்ணிலா அக்கா, ஒரு பக்க முகம் கோணிப்போவதும் நரம்புக் கோளாறா? என் தோழிக்கு நேற்றுக் காலை வந்திருக்கிறது. ஸ்ட்ரோக் என்று வீடே அழுகிறது.

#12 வெண்ணிலா

முகத்தசையை ஆட்டுகிற நரம்பு வீங்கினாலும் வரும், மூளையில் ஸ்ட்ரோக் வந்தாலும் வரும். முகநரம்பு என்றால் நெற்றியும் சுருங்காது, அந்தப் பக்கக் கண்ணும் மூடாது. ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துக்கொள்ளும், கூடவே கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது இருக்கலாம். ஆனால் இதை வீட்டில் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் நேரம் முக்கியம். முகநரம்பு என்றாலே 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. இன்றைக்கே கூட்டிப்போங்கள். மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடும், சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள்.

#13 மலைமுகடு

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். நரம்பை வெளியிலிருந்து வருகிற நஞ்சும் தாக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று.

1977, 78-இல் இலங்கையில் பருவப் பெண் பிள்ளைகளுக்குத் திடீரெனக் காலும் கையும் விழுந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஏன் அந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்? வீட்டில் மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அதே அடுப்பில்தான் எல்லோருக்கும் சோறு. விடை நம் வழக்கத்துக்குள்ளேயே இருந்தது. பிள்ளை வயதுக்கு வந்தால் உடம்புக்குப் பலம் என்று நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்போம். அந்த எண்ணெயில் டிரைகிரிசில் பாஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். சேனநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரு மருத்துவர்கள் இதை 1981-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள்.

என்னுடைய அம்மாச்சி அந்தக் காலத்தைச் சொல்லும்போது அழுவார். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று தாய் தன் கையால் ஊற்றிக் கொடுத்தது. அந்தத் தாய்மார்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இந்த நஞ்சு உடனே வேலை காட்டாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் கால் தளரும். அதற்குள் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆகவே டாக்டர் "என்னென்ன சாப்பிடுகிறீர்கள், என்ன வேலை, என்ன மருந்து தெளிக்கிறீர்கள்" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஈயம், ஆர்சனிக், சாராயம், காசநோய் மாத்திரை, புற்றுநோய் ஊசி மருந்து எல்லாம் நரம்பைத் தொடக்கூடியவை.

#14 வெண்ணிலா

காசநோய் பற்றிச் சொன்னது சரி. ஐசோநியாசிட் மாத்திரை உடம்பில் இருக்கும் பி6 வைட்டமினைத் தின்றுவிடும், அதனால்தான் கூடவே சின்ன பி6 மாத்திரை கொடுக்கிறார்கள். அதைத் தேவையில்லை என்று குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரக்கிறது என்பதற்காகக் காசநோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. போய்ச் சொல்லுங்கள், சரி செய்வார்கள்.

#15 பாலாற்றங்கரை

மலைமுகடு எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

எல்லோரும் சொன்னார்கள், நான் முப்பது வருடம் பார்த்ததை நானே இன்னும் சொல்லவில்லை. தொழுநோய் முதலில் ஒரு நரம்பு நோய். தோலில் தெரியும் தேமல் அதன் வெளி அடையாளம். அந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும், அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளில் போய்க் குடியேறும். காதுக்குக் கீழே கழுத்தில், முழங்கையின் உள்பக்கத்தில், முழங்காலுக்கு வெளியே கீழ்ப்பக்கம் இருக்கும் எலும்பு முனையில். அந்த இடங்களில் விரலை வைத்து உருட்டினால் நரம்பு கயிறு போலத் தடித்துக் கிடக்கும். பழகிய விரலுக்கு ஒரு நிமிடம் போதும்.

இதன் நடை சர்க்கரையின் நடை போல இல்லை. இரண்டு காலிலும் சமமாக ஏறாது. இங்கே ஒரு நரம்பு, அங்கே ஒரு நரம்பு. ஒரு கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கும், இன்னொரு காலில் பாதம் தொங்கும், முதுகில் சொறிந்தாலும் தெரியாத வெளிர் தேமல். "அரிக்காத, வலிக்காத, உணர்ச்சியில்லாத தேமல்" என்று சுவரில் எழுதியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். இந்தியா 2005 முடிவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று அறிவித்தது. அதனால் புதிதாக யாருக்கும் வராது என்று பலர் நினைக்கிறார்கள், இளம் டாக்டர்களில்கூடச் சிலர். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நரம்பு பலவீனம் வந்து ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு கொடுத்து மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை டாக்டர் 1940-களின் கடைசியில் வேலூரில் வேலை செய்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் உதிர்கின்றன என்று ஊரே நம்பிய காலம். அவர் விரல்கள் எப்படிக் குறைகின்றன என்று ஒவ்வொரு காயமாகத் தேடிப் பார்த்தார். சுடுபாத்திரம், ஆணி, இறுகப் பிடித்த மண்வெட்டிக் காம்பு, இரவில் கடிக்கிற எலி. விரல்களைத் தின்றது வலி தெரியாத நிலைமைதான் என்று கண்டார். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வழியில் வந்தது. மடங்கிய விரலுக்குத் தசைநாண் மாற்று அறுவை, உணர்ச்சியில்லாத பாதத்துக்கு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குகிறார்களே எம்.சி.ஆர். செருப்பு, அதை எங்கள் தொழுநோயாளிகள் எத்தனையோ வருடம் முன்பே போட்டுக்கொண்டு, அதைப் போட்டதாலேயே ஊரில் ஒதுக்கப்பட்டார்கள்.

தம்பி பொருநைக்கரை, அப்பாவின் காலைப் பார்த்தீர்களா?

#16 பொருநைக்கரை

ஐயா, அன்றைக்கே பார்த்தேன். வலது பெருவிரலின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. சுற்றிலும் சிவந்து ஈரமாக இருந்தது. நான் எடுக்கும்போது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னடா பண்றே" என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நீங்கள் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதி அப்பாவின் சொற்களிலேயே பதில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு காலும் ஒரே மாதிரி, ஒன்றரை வருடம், இடுப்பு வலி இல்லை. டாக்டரம்மா முழுவதும் படித்தார்.

முதலில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழையை எடுத்து, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். இழை வளைகிற அளவுக்கு அழுத்தினால் பத்து கிராம் அழுத்தமாம். அப்பா மூன்று இடத்தில்தான் "ம்" சொன்னார். அப்புறம் தட்டினால் அதிரும் ஒரு இரும்புக் கவையை (இசைக்கவை) தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். அப்பா உடனே "நின்னுடுச்சு" என்றார். டாக்டரம்மா எதுவும் பேசாமல் அதே கவையை எடுத்து அப்பாவின் கைவிரல் எலும்பில் வைத்தார். அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார், அப்புறம் தன் காலைப் பார்த்தார். வயதுக் கோளாறு என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ரத்தத்தில் பி12 வைட்டமின் மிகக் குறைவு. சர்க்கரை மூன்று மாத சராசரி (HbA1c) 9.2 சதவீதம், அதிகம். சர்க்கரையும் பி12 குறைவும் இரண்டும் சேர்ந்து நரம்பைப் பிடித்திருக்கின்றன என்றார். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையுமாம், அதற்கு மேல் அப்பா சைவம், மோர்கூட ஊற்றிக்கொள்ள மாட்டார். பி12 ஊசி தொடங்கியிருக்கிறார்கள்.

#17 கொங்குச்சீமை

படித்தேன் தம்பி. வெந்நீர் சொன்னதற்கு மன்னிக்கவும், நான் நிறுத்திவிட்டேன். நான் சாப்பிடும் நரம்பு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். பி6 100 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. இரண்டு வருடமாகத் தினம் இரண்டு. இது சரியா?

#18 வெண்ணிலா

அண்ணா, அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அளவுக்கு மேல் பல மாதம் போனாலும் நரம்பு கெடும். நமக்கு ஒரு நாள் தேவை 2 மில்லிகிராம் அளவுதான். உங்களுக்கு முதலில் எரிச்சல் எதனால் வந்தது என்றே யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இவ்வளவும் எளிய ரத்தப் பரிசோதனைகள். எரிச்சல் மட்டும் இருந்து கடத்துத்திறன் சோதனை சரியாக வந்தாலும் கோளாறே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும், எரிச்சலைச் சொல்லுகிற மெல்லிய இழைகள் அதில் தெரியாது. ப்ரீகாபலின், டுலாக்சிடின் மாதிரி மருந்துகள் கொடுத்தால் அவை எரிச்சலைக் குறைக்கும், நரம்பைப் புதிதாக வளர்க்காது. காரணத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.

#19 பொருநைக்கரை

இன்று ஆறாவது வாரம். கண்ணாடி குத்திய புண் ஆறிவிட்டது. கால் முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன். பி12 குறைவால் வந்த பங்கு கொஞ்சம் திரும்பலாம், சர்க்கரையின் பங்கு மேலே ஏறாமல் நிறுத்தினாலே பெரிய விஷயம், நரம்பு வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் என்றார் டாக்டரம்மா. அப்பா தன் காலை அளந்து பார்த்து வருடக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கியாயிற்று. முதல் நாள் போட்டபோது பக்கத்து வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அப்பா வந்து செருப்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார். பாலாற்றங்கரை ஐயா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

ராத்திரி சாப்பிட்டதும் அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து தரையில் வைக்கிறார். அப்பா பாதத்தை அதற்கு மேலே தூக்கிக் காட்டுகிறார். அம்மா செல்போன் வெளிச்சத்தில் விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நேற்று அம்மா இடது சுண்டுவிரலைத் தொட்டபோது அப்பா காலை இழுத்துக்கொண்டு, "கை ஜில்லுன்னு இருக்கு" என்றார்.